சிவப்பு நூல் கட்டிய கிளைகள்

ஸ்கார்டால்
10 நவம்பர் 1974

சுன்னிவாவுக்கு,

நேற்று இங்கே முதல் பனி விழுந்தது. கணுக்கால் அளவுதான். இதைச் சொல்ல ஒரு கடிதமா என்று நினைப்பாய். ஏப்ரலில் உன் அக்கா டோர்ஹிலை அடக்கம் செய்த அன்று, என் முகத்தைப் பார்க்காமல் பேருந்தில் ஏறிப் பெர்கனுக்குப் போனாய். ஏழு மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போதும் அதைப் பற்றிக் கேட்க வரவில்லை. பனிச்சறுக்கில் ஒரு சந்தேகம். ஊரில் கேட்க எனக்கு ஆள் இல்லை.

சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு பூசும் அறையைச் சுத்தம் செய்தேன். கதவின் உட்புறம் டோர்ஹில் தச்சுப் பென்சிலால் எழுதிய பட்டியல் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும், பனி கரைவதற்குள் தனக்குக் கைவர வேண்டியதை அங்கே எழுதுவாளே, அதுதான். கடைசியாக எழுதியது இது:

ஒன்று, உறைவதா உருகுவதா என்று பனி தடுமாறும் நாளில், சுன்னிவாவைக் கேட்காமல் சரியான மெழுகைப் பூச வேண்டும்.
இரண்டு, மரஆலை மேட்டை மீன்முள் நடையில் நிற்காமல் ஏற வேண்டும்.
மூன்று, முழங்கால் மடக்கி இடப்பக்கம் திரும்ப வேண்டும்.
நான்கு, மலைக்குடிலை இரண்டு மணி நேரத்துக்குள் தொட வேண்டும்.
ஐந்து, எட்வினோடு குடிலுக்குப் போய், அன்றே எட்வினோடு திரும்ப வேண்டும்.

முதல் இரண்டுக்கும் சரிக்குறி போட்டிருக்கிறாள். மூன்றாவதன் பக்கத்தில் கேள்விக்குறி. ஐந்தாவதைச் செய்யப் போன அன்றுதான் திரும்பவில்லை.

இந்த ஐந்தையும் இந்தப் பருவத்தில் நான் செய்யப் போகிறேன். தீவில் பிறந்து முப்பத்தொரு வயதில் முதல்முறை பலகை மாட்டியவன் நான் என்று உனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். மூடுபனியில் ஏரியைக் கடக்கும்போது, கிளை நட்டு அடையாளம் வைத்த தடத்தை விட்டுவிட்டு, கடல்காரன் மனைவியைக் குறுக்கே கூட்டிப் போனான், பனிக்கட்டி உடைந்தது என்பது ஊர்ப் பேச்சு. அதை நான் மறுக்கவில்லை.

என் சந்தேகம் இதுதான். வலப்பக்கம் திரும்பும்போது சரியாக வருவது இடப்பக்கம் ஏன் வருவதில்லை? அவளுக்கும் வரவில்லை. உனக்கு வரும்.

எட்வின்


பெர்கன்
24 நவம்பர் 1974

மதிப்பிற்குரிய எட்வின் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். இங்கே பனி கிடையாது. அக்டோபரிலிருந்து மழை பெய்கிறது. பிள்ளைகளின் கோட்டுகள் வகுப்பறைக்கு வெளியே வரிசையாகத் தொங்கிச் சொட்டுகின்றன. நான் பாடம் நடத்தும்போது அந்தச் சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது பலகை முன்னே போக வேண்டும், இடது பலகை பின்னே வர வேண்டும். இடது குதிகால் எழும்பும், இடது முழங்கால் தாழும். எல்லாரும் அதுவரை சரியாகச் செய்வார்கள். பிறகு முன்காலை மட்டும் நம்பி, பின்காலை வெறுமனே இழுத்துக்கொண்டு வருவார்கள். அங்கேதான் விழுவது. பாதி எடை பின்காலின் சுண்டுவிரலில் இருக்க வேண்டும். பின்னால் வருவதும் வேலை செய்ய வேண்டும்.

அக்காவுக்கு இது வராததற்குக் காரணம் இருக்கிறது. பால் பண்ணையில் வேலை பார்த்தபோது அவள் இடது கால்மேல் பால்குடம் விழுந்தது. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது, எனக்கு மூன்று. அந்தக் காலின் சுண்டுவிரலில் உணர்ச்சியே இல்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். நான் கல்லூரிக்குப் போன வருடம் சொன்னாள். அதற்கு முன்னால் சொன்னால் நான் போகமாட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ.

மரஆலை மேட்டில் பழகாதீர்கள். அங்கே மரங்கள் நெருக்கம். தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள புல்வெளிச் சரிவுக்குப் போங்கள். அங்கே யாரும் வரமாட்டார்கள்.

சுன்னிவா


ஸ்கார்டால்
29 டிசம்பர் 1974

சுன்னிவாவுக்கு,

அங்கே யாரும் வரமாட்டார்கள் என்று எழுதினாய். அங்கே எல்லாரும் வருகிறார்கள். கல்லறைக்கு மெழுகுவத்தி வைக்க வருகிறவர்களுக்கு எல்லாம் நான் விழுவதுதான் கிறிஸ்துமஸ் வேடிக்கை. மூரே பண்ணை ஆஸ்லாக் சுவரோரம் நின்று, "என்னடா கடல்காரா, படகுல இருந்து குதிக்கிற மாதிரியே குதிக்கிற. அங்க தண்ணி தாங்கும், இங்க தரைடா" என்றான். நானும், தரையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்ததும் சொல்கிறேன் என்றேன். அவன் சிரித்தான். பிறகு டோர்ஹிலின் கல்லைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். ஊரில் இப்போது எல்லாரும் என்னிடம் இப்படித்தான் பேசுகிறார்கள். பாதி வாக்கியத்தில் அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும்.

முதலாவதும் இரண்டாவதும் முடிந்தன. காலையில் பூஜ்ஜியத்துக்கு ஒரு டிகிரி கீழே இருந்தது, பத்து மணிக்கு ஒரு டிகிரி மேலே ஏறியது. நீல மெழுகு பூசினால் வழுக்குகிறது, சிவப்பு பூசினால் பனி அடியில் கட்டிக்கொண்டு உயர்ந்த குதிகால் செருப்பு மாட்டியதுபோல ஆகிறது. கடைசியில் ஊதாவை மெல்லியதாக நான்கு தடவை பூசி, நடுவில் மட்டும் கொஞ்சம் சிவப்பு வைத்தேன். பிடித்தது. வீட்டுக்கு வந்து சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பசுதான் கேட்டது.

மரஆலை மேட்டில் மீன்முள் நடை எனக்குச் சுலபம். பலகைகளை விரித்து ஏறி, மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், பனியில் பெரிய மீன் ஒன்றின் முள் கிடக்கிறது. தீவில் பிறந்தவனுக்கு அது பழகியதுதானே.

இன்னொரு செய்தி. சறுக்குச் சங்கத்திலிருந்து தாள் வந்தது. மார்ச் 1 சனிக்கிழமை கூட்டம். ஈஸ்டருக்கு முன் கிளை நடும் வேலையை எந்தப் பண்ணைக்கு எந்தப் பகுதி என்று மறுபடியும் பிரிக்கிறார்களாம். ஏரிப் பகுதி உங்கள் அப்பா காலத்திலிருந்து நம் பண்ணையினுடையது. அதை எடுத்துவிடப் போகிறார்கள். அது போனால் நான் இங்கே வெறும் விருந்தாளி. பாதையில் பங்கு இல்லாத பண்ணைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் என்ன மரியாதை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இடப்பக்கம் இன்னும் வரவில்லை.

எட்வின்


பெர்கன்
12 ஜனவரி 1975

எட்வின் அவர்களுக்கு,

பின்கால் முழங்கால் முன்கால் குதிகாலைத் தொடுகிற அளவுக்குக் கிட்டே வருகிறதா என்று பாருங்கள். தூரம் அதிகமானால் எடை விழாது. பார்வையைப் பலகையின் நுனியில் வைக்காதீர்கள், போக வேண்டிய இடத்தில் வையுங்கள். நுனியைப் பார்த்தால் நுனிக்குத்தான் போவீர்கள்.

இந்த வாரம் ஆசிரியர் ஓய்வறையில், பிப்ரவரி விடுமுறையில் பிள்ளைகளைப் பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போகும் பேச்சு வந்தது. தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "நீங்க மலைக்காரப் பொண்ணாச்சே, நீங்களே கூட்டிட்டுப் போங்களேன்" என்றார். எனக்குப் பனிச்சறுக்கு தெரியாது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், கூச்சத்தில் சொல்கிறேன் என்று நினைத்து. மறுபடியும் தெரியாது என்றேன். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பொய்யை இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் நடுங்குவதே இல்லை என்று அன்று கவனித்தேன்.

இந்த ஓய்வறையில் எனக்கு இன்னும் எங்கே உட்காருவது என்று தெரிவதில்லை. மற்றவர்களுடைய அப்பா அம்மாவும் ஆசிரியர்கள். காப்பிக் கோப்பையை எந்த அலமாரியில் திருப்பி வைப்பது என்பதுகூட அவர்களுக்குப் பிறவியிலேயே தெரியும்போல. நான் என்னுடையதைக் கழுவிப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன்.

கூட்டத்தில் நீங்கள் பேசுவீர்களா? பேசினால் என்ன சொல்வீர்கள்?

சுன்னிவா


ஸ்கார்டால்
9 பிப்ரவரி 1975

சுன்னிவாவுக்கு,

இடப்பக்கம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை, வேலை முடிந்து, வெளிச்சம் நீலமாகும் நேரம். புல்வெளியில் புதுப்பனி. வலது பலகையை முன்னே விட்டேன், முழங்காலைத் தாழ்த்தினேன். எப்போதும்போல விழப் போகிறேன் என்று நினைத்தேன். அப்போது பின்கால் சுண்டுவிரலில் எடை இறங்கியது. யாரோ பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து மெல்லத் திருப்பியதுபோல இருந்தது. திரும்பி நின்றேன். பனியில் ஒரு வளைவு, அரிவாள்போல. பதினோரு தடவை மறுபடியும் செய்தேன். ஏழு தடவை வந்தது. அவள் செத்தபிறகு எனக்கு நடந்த நல்ல விஷயம் இது ஒன்றுதான். சந்தோஷப்பட்டதற்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

நேற்று நான்காவதும் முடிந்தது. ஒரு மணி ஐம்பத்தாறு நிமிடம். குடிலில் யாரும் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து ஆரஞ்சு தின்றுவிட்டுத் திரும்பினேன். ஏரி வழியாக வரவில்லை.

கூட்டத்தில் என்ன சொல்வேன் என்று கேட்டாய். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஏப்ரலில் காவல் அதிகாரியிடம் சொன்னதுதான். நான்தான் குறுக்கே போகலாம் என்றேன். சங்கத் தலைவர் ஓட்டார் கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்மேல எனக்குக் கோபம் இல்லப்பா. ஆனா கிளையைப் பாத்து வந்திருந்தா அவ இன்னிக்கு உசுரோட இருந்திருப்பா. இத நான் சொல்லாம யாரு சொல்றது?" என்றார். ஆமாம் என்றேன். கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் உனக்கு எழுத ஏதாவது இருந்தால், 1ஆம் தேதிக்கு முன்னால் வந்து சேர்கிற மாதிரி எழுது.

எட்வின்


பெர்கன்
20 பிப்ரவரி 1975

அத்தான்,

இப்படி உங்களைக் கூப்பிட்டுப் பத்து மாதமாகிவிட்டது. கூப்பிட உரிமை இருக்கிறதா என்று இந்தக் கடிதத்தின் முடிவில் நீங்களே சொல்லுங்கள்.

போன வருடம் ஏப்ரல் 6, சனிக்கிழமை. பசு கன்று போடும் நேரம், அக்கா தொழுவத்தைவிட்டு நகர முடியவில்லை. நீங்கள் மரஆலையில் இருந்தீர்கள். ஏரிப் பகுதிக்குக் கிளை நட நான் போகிறேன் என்றேன். அக்கா, "பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணுக்கு இது எதுக்கு? ஆஸ்லாக்கைக் கேட்டுக்கலாம்" என்றாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் எல்லாரும் என்னைப் பேனாக்காரி என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். பேனா பிடித்த கை துளைக்கோல் பிடிக்காதா என்று காட்ட வேண்டும் என்று இருந்தது.

பத்துக் கிளைக்கு ஒரு துளை போட்டு, பனிக்கட்டியின் கனத்தை அளந்த பிறகுதான் அடுத்த பத்தை நட வேண்டும். பாதி ஏரிவரை அப்படித்தான் செய்தேன். எல்லா இடத்திலும் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் இருந்தது. மணி மூன்றாகிவிட்டது. நான்கு மணிக்குப் பேருந்து, திங்கட்கிழமை பரீட்சை. ஆறு வந்து விழும் வாயைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனால் இன்னும் மூன்று துளை. எதிரே படகுக் கொட்டகை தெரிந்தது. அதைப் பார்த்து நேராக நட்டுக்கொண்டே போனேன். ஒன்பது கிளை. துளை போடவில்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் நம் பண்ணையின் சிவப்பு நூலைக் கட்டினேன், அக்காவின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்தெடுத்த நூல். வீட்டுக்கு வந்ததும் அக்கா தொழுவத்திலிருந்தே, "அளந்தியாடி?" என்று கேட்டாள். அளந்தேன் என்றேன்.

அந்த வாரம் முழுக்கப் பனிக்காற்று, யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. வியாழக்கிழமை நீங்கள் இருவரும் மரஆலை வழியாகப் போய் ஏரி வழியாகத் திரும்பினீர்கள். மூடுபனி. அக்கா கிளையைப் பார்த்துத்தான் வந்திருப்பாள். கிளை நின்றால் கட்டி தாங்கும் என்று நம்பி வந்திருப்பாள், அதுவும் சிவப்பு நூல்.

அடக்கத்துக்கு நான் வந்தபோது, கிளைவரிசை ஆற்றுவாயைச் சுற்றி வளைந்துதான் போகிறது, தேடப் போன எல்லாரும் பார்த்தோம் என்றார்கள். நீங்கள் குறுக்கே கூட்டிப் போனதாக நீங்களே சொன்னதாகவும் சொன்னார்கள். எனக்குள் என்ன நடந்தது என்று உண்மையாகவே எழுதுகிறேன். நிம்மதி வந்தது. பிறகு, நான் வளைத்துத்தான் நட்டிருக்கிறேன்போல என்று நம்பத் தொடங்கினேன். மூன்று துளை போட்டது ஞாபகம் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. நேராக நட்டது என் கை. வளைத்தது யார் கை என்று எனக்கு ஏப்ரலிலிருந்தே தெரியும். உங்கள் முகத்தைப் பார்க்காததற்கு அதுதான் காரணம்.

கூட்டத்தில் இந்தக் கடிதத்தை வாசித்துவிடுங்கள்.

சுன்னிவா

மார்ச் 4. இதை இன்றுதான் தபாலில் போடுகிறேன். பன்னிரண்டு நாள் என் பைக்குள், காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் தபால் பெட்டியைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறேன். காய்ச்சல், விடுமுறை, தபால்தலை இல்லை என்றெல்லாம் எழுதலாம். எதுவும் இல்லை. போடவில்லை, அவ்வளவுதான்.


ஸ்கார்டால்
14 மார்ச் 1975

சுன்னிவா,

கூட்டம் முடிந்துவிட்டது. பள்ளிக்கூட அறையில், குட்டி நாற்காலிகளில் முழங்கால் முட்ட உட்கார்ந்து கை தூக்கினார்கள். ஏரிப் பகுதி மூரே பண்ணைக்குப் போய்விட்டது. ஆஸ்லாக் கை தூக்கவில்லை. ஓட்டார் என்னைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். வாசலில் தபால்காரி நின்றிருந்தாள், அவளும் சங்கத்தில் உறுப்பினர்தான். அவளைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. நான் ஒவ்வொரு நாளும் உன் கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். எதுவும் இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை ஒருமுறை எழுதிவிடுகிறேன், பிறகு எழுதமாட்டேன். நான் இருநூறு மீட்டர் பின்னால் வந்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. தவழ்ந்து போய் அவள் ஊன்றுகோலின் வாரைப் பிடித்தேன். மறுமுனையில் அவள் கை இருந்தது, பிறகு இல்லை. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. தலையைத் தூக்கினபோது எதிரே ஒரு கிளை, நுனியில் சிவப்பு நூல். நீ நூல் கட்டினால் இரட்டை முடிச்சு போடுவாய். டோர்ஹில் ஒற்றைதான். அவள் வளர்த்த பிள்ளை இதைச் சுமந்துகொண்டு எப்படி வாழும் என்று நினைத்தேன். அவள் இருந்தால் அதைத்தான் நினைத்திருப்பாள். ஒன்பதையும் பிடுங்கி, உன் முடிச்சுகளை அவிழ்த்தேன். அவிழ்த்த நூல் நைந்து மறுபடி கட்ட வரவில்லை, அதனால் நான் போட்டிருந்த சிவப்பு ஸ்வெட்டரின் நுனியைப் பிரித்துப் புது நூலை ஒற்றை முடிச்சாகக் கட்டி ஆற்றுவாயைச் சுற்றி நட்டேன். அதன்பிறகுதான் ஆள் கூப்பிடப் போனேன். இரவு பனி பெய்து பழைய குழிகளை மூடிவிட்டது. உன் நூல்கள் ஒன்பதும் புகையிலை டப்பாவில் இருக்கின்றன.

துளை போடாததற்கு உன்மேல் கோபம் இல்லை. அவசரத்தில் நானும் கடலில் செய்திருக்கிறேன், எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அடக்கத்தன்று நீ பேசாததையும் புரிந்துகொண்டேன். பருவம் முழுக்க முழங்காலைப் பற்றியும் மெழுகைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேனே, உனக்கு வழிவிட்டுத்தான் எழுதினேன். அந்தப் பன்னிரண்டு நாளைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

ஈஸ்டர் வாரத்தில் தீவுக்குப் போகிறேன். பசுவை ஆஸ்லாக் பார்த்துக்கொள்வான். பண்ணை உன்னுடையது, உன் அப்பாவுடையது.

எட்வின்


ஸ்கார்டால்
6 ஏப்ரல் 1975

அத்தான்,

நம் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய வியாழனன்று வந்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். மலைப்பாதை மூடிக்கிடந்ததால் வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்தேன். முந்தின நாள் காலை நீங்கள் பலகை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனதாகவும், மாலையில் திரும்பியதாகவும், வெள்ளிக்கிழமை முதல் பேருந்தில் போய்விட்டதாகவும் ஆஸ்லாக் சொன்னார். என் பேருந்தும் உங்கள் பேருந்தும் எங்கோ வழியில் ஒன்றையொன்று தாண்டியிருக்க வேண்டும்.

கதவின் உட்புறத்தைப் பார்த்தேன். மூன்றாவதன் கேள்விக்குறியை அழிக்காமல், பக்கத்தில் சரிக்குறி போட்டிருக்கிறீர்கள். நான்காவதற்கும் இருக்கிறது. ஐந்தாவதற்கு இல்லை. போய்த் திரும்பியும் போடவில்லை.

ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்ததும் எல்லாரும் பள்ளிக்கூட அறையில் காப்பிக்குக் கூடினார்கள். நான் எழுந்து நின்றேன். வகுப்பில் முப்பது பிள்ளைகள் முன்னால் தினமும் நிற்கிறேன், ஆனாலும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். மூன்று மணி, பேருந்து, ஒன்பது கிளை, அளந்தேன் என்று சொன்ன பொய், உங்களை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் விடவில்லை.

ஓட்டார் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "உக்காரும்மா. நீ நல்ல பொண்ணு. அக்கா புருசனக் காப்பாத்தணும்னு நினைக்கிற, அது தப்பில்ல. ஆனா வரிசை வளைஞ்சு போனத நாங்க எங்க கண்ணால பாத்தோமே" என்றார். இல்லை, அவர்தான் மாற்றினார் என்றேன். பின்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "பாவம், படிச்ச பொண்ணு. மனசு கலங்கிப் போச்சு" என்றது கேட்டது. என் தட்டில் யாரோ கேக் வைத்தார்கள். நான் சொன்னதிலேயே உண்மையானது அது. அதற்குக் கேக் கொடுத்தார்கள்.

வெளியே ஆஸ்லாக் மட்டும் வந்தார். ரொம்ப நேரம் கையுறையைத் தட்டிக்கொண்டு நின்றார். "நம்புறேனா இல்லையான்னு என்னைக் கேக்காத. போன மாசம் சொல்லியிருந்தா அந்த மனுசன் இங்க இருந்திருப்பான்" என்றார்.

அந்த ஒன்பது நூலையும் அனுப்புங்கள். என் இரட்டை முடிச்சின் மடிப்பு அதில் இன்னும் இருக்கும், பார்த்தால் நம்புவார்கள். அல்லது நீங்களே வாருங்கள். நான் பள்ளிக்கு எழுதிவிட்டேன், அடுத்த வருடம் இங்கேதான். கதவைப் பூட்டுவதில்லை.

சுன்னிவா


ஹெஸ்டே தீவு
21 ஏப்ரல் 1975

சுன்னிவாவுக்கு,

உன் கடிதம் படகில் வந்தது. இங்கே பனி இல்லை. பலகைகளை வலைக்கொட்டகையில் தொங்கவிட்டிருக்கிறேன், பார்க்கிறவர்கள் இது எந்த மீனுக்கு என்று கேட்கிறார்கள்.

நம்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன்னைக் காப்பாற்ற நினைத்தேன். இனி உன்மேல் எதுவும் ஒட்டாத அளவுக்கு நன்றாகவே செய்துவிட்டேன்போல. அதிலிருந்து உன்னை எப்படி வெளியே எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவிழ்த்த நூல் யார் முடிச்சு என்று சொல்லாது. எழுதவும் பேசவும் உனக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன. எனக்கு அங்கே இல்லை.

ஐந்தாவதைப் பற்றி எழுதியிருந்தாய். போனேன், திரும்பினேன், ஏரி வழியாகவே. ஆஸ்லாக்கின் நீல நூல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன், சுற்றிக்கொண்டுதான் நட்டிருக்கிறான். ஆற்றுவாய்க்குப் பக்கத்தில் நின்று காத்திருந்தேன், எதற்கு என்று கேட்காதே. எட்வினோடு போய் எட்வினோடு திரும்ப வேண்டும் என்றுதான் அவள் எழுதியிருக்கிறாள். எட்வின் மட்டும் திரும்பினால் அது கணக்கில் சேராது.

ஒன்பது நூலையும் இதில் வைத்திருக்கிறேன். யாரிடமும் காட்டுவதற்கு அல்ல. ஆஸ்லாக் என்றாவது முதுகு வலிக்கிறது என்று சொல்வான், ஏரிக்கு ஆள் வேண்டும் என்பான். அன்றைக்கு எடுத்துக்கொண்டு போ. பேருந்து போனால் போகட்டும்.

துளை போட்டுப் பார்த்த இடத்தில் மட்டும் கட்டு.

எட்வின்